எந்த விசைக்கு எவ்வளவு அவசரம்?

(குன்னூரில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். அணுவைவிடச் சிறிய துகள்கள் மோதிக்கொள்ளும்போது என்னென்ன விசைகள் வேலை செய்கின்றன என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. இதைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எடுத்த எடுப்பிலேயே ஜெனீவாவுக்குப் போய்விடுவார்கள். துகள்களை மோதவிட்டுப் பார்க்கும் செர்ன் ஆய்வகம், பூமிக்கடியில் அதன் 27 கிலோமீட்டர் வளையம், அங்கே கண்டுபிடித்த ஹிக்ஸ் போஸான் என்ற துகள் என்று அதிலேயே நேரம் ஓடிவிடும். நான் அங்கே கடைசியில்தான் போகப்போகிறேன். அதே மோதல் நம் தலைக்கு மேலே இரவு பகல் பாராமல் நடந்துகொண்டிருக்கிறது. அதைக் கணக்கெடுக்கும் ஆய்வகமும் இங்கிருந்து ஒரு பஸ் ஏறினால் போகிற தூரத்தில், ஊட்டியில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஜெனீவாவுக்கு எதற்கு விசா எடுக்க வேண்டும்?

டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் அது. விண்வெளியிலிருந்து வந்து விழும் துகள்களுக்குத்தான் காஸ்மிக் கதிர் என்று பெயர். கடல் மட்டத்திலிருந்து 2200 மீட்டர் உயரம். இந்திய, ஜப்பானிய விஞ்ஞானிகள் சேர்ந்து அங்கே நடத்தும் சோதனைக்குக் கிரேப்ஸ்-3 என்று பெயர். சரிவான புல்வெளியில், 8 மீட்டருக்கு ஒன்றாக, சுமார் 400 உணர்கருவிகள் மூடி போட்டு உட்கார்ந்திருக்கின்றன. மொத்தம் 25,000 சதுர மீட்டர் பரப்பு. என்னவோ புது மாதிரி தேனீ வளர்ப்பு என்றுதான் முதலில் பார்ப்பவர்களுக்குத் தோன்றும்.

சரி, மேலே என்ன நடக்கிறது?

விண்வெளியிலிருந்து ஒரு புரோட்டான் வருகிறது என்று வையுங்கள். எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்தபோது புறப்பட்டிருக்கலாம். அதன் மேல் முதலில் வேலை செய்கிற விசை மின்காந்த விசை. புரோட்டானுக்கு மின்னூட்டம் உண்டு, ஆகவே பால்வீதியின் காந்தப் புலங்கள் அதை வளைத்து வளைத்து, புறப்பட்ட திசையே தெரியாதபடி செய்துவிடுகின்றன. பூமிக்கு அருகில் வந்தால் பூமியின் காந்தப் புலம் இன்னொரு தடுப்பு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இந்தத் தடுப்பு பலமானது. ஊட்டிக்கு நேர் மேலிருந்து இறங்கும் புரோட்டானிடம் சுமார் 17 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு இது; ஜிகா என்றால் நூறு கோடி) ஆற்றலாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் காற்றைத் தொடும் முன்பே திருப்பி அனுப்பப்படும். துருவங்களுக்குப் பக்கத்தில் இந்தக் கெடுபிடி கிடையாது.

தப்பி வந்த புரோட்டான் இப்போது காற்றுக்குள் நுழைகிறது. இங்கே ஒரு கணக்குச் சொல்கிறேன். கையை நீட்டி, உள்ளங்கையில் ஒரு சதுர செண்டிமீட்டரை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். ஊட்டியில் அந்த ஒரு சதுர செண்டிமீட்டருக்கு நேர் மேலே, வானத்தின் உச்சிவரை இருக்கும் காற்றை எடை போட்டால் 800 கிராம் வரும். சென்னைக் கடற்கரையில் ஒரு கிலோவுக்கு மேல். அந்த 800 கிராமில் ஏறக்குறைய 80, 90 கிராம் காற்றைக் கடந்த பிறகுதான், சராசரியாக, நம் புரோட்டான் ஒரு நைட்ரஜன் அல்லது ஆக்சிஜன் அணுக்கருவில் முட்டுகிறது. அது 15, 20 கிலோமீட்டர் உயரத்தில் நடக்கிறது. அதுவரை எண்ணற்ற அணுக்களுக்கு உள்ளேயே புகுந்து வந்திருக்கிறது, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அணுவுக்குள் அவ்வளவு வெற்றிடம்.

முட்டியதும்தான் கதை ஆரம்பம். பள்ளிப் புத்தகத்தில் இரண்டு கோலிக்குண்டுகள் இடித்துத் தெறிப்பதுபோல் ஒரு படம் போட்டிருப்பார்கள். எனக்கு அந்தப் படத்தின் மேல் ஒரு தீராத கோபம் உண்டு. கோலி இடித்தால் கோலிதான் மிஞ்சும். இங்கே போனது இரண்டு, வந்தது ஐம்பது, நூறு. அந்த நூறில் பெரும்பாலானவை மோதலுக்கு முன்னால் எங்கேயும் இருந்தவையே அல்ல. மோதலின் ஆற்றல்தான் பொருளாக மாறியிருக்கிறது.

இந்த உற்பத்தியைச் செய்வது வலிமையான அணுக்கரு விசை. புரோட்டானுக்குள் குவார்க்குகள் இருக்கின்றன, அவற்றைப் பிணைப்பவை குளுவான்கள். இந்த விசையின் குணம் நமக்குப் பழக்கமான விசைகளுக்கு நேர் எதிர். காந்தத்தை இரும்பிலிருந்து தள்ளி எடுத்துக்கொண்டே போனால் இழுப்பு குறையும். இரண்டு குவார்க்குகளைப் பிரித்துக்கொண்டே போனால், புரோட்டான் அளவு தூரம் தாண்டிய பிறகும் இழுப்பு குறையாது, அப்படியே நிற்கும். எவ்வளவு இழுப்பு என்றால், ஏறக்குறைய 16 டன். மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றிக்கொண்டு இறங்கும் லாரியின் எடை, கண்ணுக்கே தெரியாத ஒரு குவார்க்கின் மேல்! அவ்வளவு இழுப்பை எதிர்த்துப் பிரிக்கப் பிரிக்க, இடையில் ஆற்றல் சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் அந்த ஆற்றலிலிருந்தே புதிதாக ஒரு குவார்க்கும், அதற்கு நேர் எதிர் மின்னூட்டம் கொண்ட ஓர் எதிர்க்குவார்க்கும் பிறந்துவிடும். பிரிந்த குவார்க் தனியாக வெளியே வராது, புதுத் துணையோடுதான் வரும். இப்படி உண்டாகும் ஜோடிகளில் மிக எளியது, மிக அதிகமாக உருவாவது, பையான் என்ற துகள்.

இதெல்லாம் எவ்வளவு நேரத்தில்? புள்ளி வைத்து, 22 பூஜ்யம் போட்டு, ஒன்று எழுதுங்கள். அத்தனை விநாடி. வலிமையான விசை வேலை செய்தால் நேரம் அந்த அளவில்தான் இருக்கும். ஒரு புரோட்டானின் குறுக்களவை ஒளி கடக்கவே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகும். அதைவிட அவசரமாக அங்கே எதுவும் நடக்க வழியில்லை.

ஈர்ப்பு விசையைப் பற்றி ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறேன். இரண்டு புரோட்டான்களுக்கு இடையே மின்விலக்கு, ஈர்ப்பைப்போல ஒன்றுக்குப் பின் 36 பூஜ்யம் மடங்கு பெரியது. துகள் மோதலில் ஈர்ப்பு விசை பார்வையாளர்கூட இல்லை.

இப்போது பையான்களுக்கு வருவோம். இன்று நான் சொல்ல வந்த விஷயமே இவற்றிடம்தான் இருக்கிறது. பையான் மூன்று வகை: நேர் மின்னூட்டம் கொண்டது, எதிர் மின்னூட்டம் கொண்டது, மின்னூட்டமே இல்லாதது. மூன்றும் ஒரே மோதலில், ஏறக்குறைய சம அளவில் பிறக்கின்றன. நிறை கிட்டத்தட்ட ஒன்றுதான், மின்னூட்டம் உள்ளது 140 மெகா எலெக்ட்ரான் வோல்ட், இல்லாதது 135. (துகள்களின் நிறையையும் ஆற்றல் அலகிலேயே சொல்வது வழக்கம்; மெகா என்றால் பத்து லட்சம்.) கூடப்பிறந்தவை என்றே சொல்லலாம். ஆனால் ஆயுளைப் பாருங்கள். மின்னூட்டமில்லாத பையான் புள்ளிக்குப் பின் 16 பூஜ்யம் போட்டு எட்டு எழுதினால் வரும் விநாடியில் செத்துப்போகிறது. மின்னூட்டம் உள்ளது விநாடியில் நூறு கோடியில் 26 பங்கு நேரம் வாழ்கிறது. சின்ன எண்கள்தான், ஆனால் ஒன்றை ஒன்றால் வகுத்துப் பாருங்கள். 30 கோடி மடங்கு வித்தியாசம்!

ஏன்? எந்த விசை கையில் எடுத்துக்கொள்கிறது என்பதுதான் காரணம். மின்னூட்டமில்லாத பையானில் ஒரு குவார்க்கும் அதே வகையின் எதிர்க்குவார்க்கும் இருக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு இரண்டு காமாக் கதிர்களாக மாறிவிடலாம். அது மின்காந்த விசையின் வேலை, சட்டென்று முடிகிறது. மின்னூட்டம் உள்ள பையானில் இருப்பது ஒரு வகைக் குவார்க், வேறொரு வகையின் எதிர்க்குவார்க். இவை ஒன்றையொன்று நேராக அழித்துக்கொள்ள முடியாது. மின்காந்த விசைக்கும் வலிமையான விசைக்கும் குவார்க்கின் வகையை மாற்றும் அதிகாரம் கிடையாது. அந்த அதிகாரம் நான்காவது விசையிடம் மட்டும்தான் இருக்கிறது. பாடப்புத்தகம் அதை வலிமை குறைந்த அணுக்கரு விசை என்கிறது. மென்விசை என்று சுருக்கிக்கொள்வோம்.

மென்விசை ஏன் இவ்வளவு சோம்பேறி? அது டபிள்யூ என்ற துகள் வழியாக வேலை செய்கிறது. 1983-இல் செர்னில் கண்டுபிடித்தார்கள். அதன் நிறை 80 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட். பையானைப்போல 570 மடங்குக்கு மேல். அவ்வளவு கனமான ஒன்று கண நேரம் தோன்றி மறைந்தால்தான் பையான் சிதையும். குவாண்டம் விதிகள் அதை அனுமதிக்கின்றன, ஆனால் மிக மிக அபூர்வமாகத்தான். அதனால்தான் காத்திருப்பு.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நேரத்தை மட்டும் வைத்து விசையை அடையாளம் சொல்வது தோராயக் கணக்கு. தனியாக விடப்பட்ட நியூட்ரானும் மென்விசையால்தான் சிதைகிறது, அதற்குக் கிட்டத்தட்ட 15 நிமிடம் ஆகிறது. செலவழிக்க அதனிடம் மிச்ச ஆற்றல் மிகக் குறைவு, அவ்வளவுதான் காரணம். ஆனாலும் வலிமையான விசை, மின்காந்த விசை, மென்விசை என்ற வரிசையில் வேகம் குறைவது பொதுவாக உண்மை.

சிதையும் பையான் எதுவாக மாறுகிறது? பத்தாயிரத்தில் ஒன்றைத் தவிர எல்லாமே மியூவானாகவும், மின்னூட்டமில்லாத, மிக மிக லேசான ஒரு நியூட்ரினோவாகவும் மாறுகின்றன. மியூவான் என்பது எலெக்ட்ரானின் கனமான அண்ணன், 207 மடங்கு நிறை. லேசான எலெக்ட்ரானாக மாறுவதுதானே சுலபம், ஏன் கனமான மியூவானைத் தேர்ந்தெடுக்கிறது என்று கேட்கத் தோன்றும். மென்விசைக்கு இடது வலது பேதம் உண்டு என்பதுதான் விடை. 1957-இல் சியென்-ஷியுங் வூ என்ற இயற்பியலாளர் அம்மையார் செய்த சோதனை இதைக் காட்டியது. அந்தப் பேதம் துல்லியமாக எந்த வடிவில் இருக்கிறது என்று அதே ஆண்டு மார்ஷக் என்ற இயற்பியலாளருடன் சேர்ந்து எழுதியவர் இ.சி.ஜி. சுதர்சன். கோட்டயத்துக்காரர், தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். மென்விசையின் இந்த இடதுகைப் பழக்கத்தால், எலெக்ட்ரானாக மாறும் பாதை ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது. இந்தப் பெயரை நம் கல்லூரி மாணவர்களுக்கே இன்னும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது என்பதில் எனக்கு வருத்தம்தான்.

ஆக, ஒரு மோதலிலிருந்து இரண்டு கிளை. ஒன்று மின்காந்தக் கிளை: காமாக் கதிர் ஓர் எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் கொண்ட ஜோடியாகும், அவை மறுபடி காமாவை உமிழும், அது மறுபடி ஜோடியாகும். இந்தப் பெருக்கத்தைக் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் ஹோமி பாபா, ஹைட்லர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள், 1937-இல். இன்னொன்று மென்விசைக் கிளை: மியூவான்கள். மியூவானுக்கு வலிமையான விசை தெரியாது, அணுக்கருவைக் கண்டுகொள்ளாமல் போகும். கனமாக இருப்பதால் எலெக்ட்ரானைப்போலச் சுலபத்தில் கதிர்வீசி ஆற்றலை இழக்கவும் செய்யாது. அதன் ஆயுள் விநாடியில் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. ஒளியின் வேகத்தில் ஓடினாலும் 660 மீட்டர்தானே போக முடியும், 15 கிலோமீட்டர் எப்படி இறங்குகிறது? வேகமாக ஓடும் துகளின் கடிகாரம் நம் கணக்கில் மெதுவாகிவிடுகிறது. ஐன்ஸ்டைனின் சார்பியல் இது. ஓடும் துகளின் ஆயுள் இப்படி நீளவேண்டும் என்று 1938-லேயே எழுதியவரும் அதே பாபாதான். பின்னால் இந்த ஆய்வகத்தை நடத்தும் நிறுவனத்தையே தொடங்கியவர்.

இப்போது ஊட்டிச் சரிவுக்குப் போவோம். மூடிகளுக்கு அடியில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பிளாஸ்டிக் பலகை இருக்கிறது. சிண்டிலேட்டர் என்பார்கள். மின்னூட்டம் கொண்ட துகள் பாய்ந்தால் நீல நிறத்தில் ஒரு மினுக்கு மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது, ஒளிபெருக்கிக் குழாய்க்குத் தெரியும். இந்தப் பலகைகளை ஊட்டியிலேயே தயாரிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஒரே மோதலிலிருந்து இப்படிப் பெருகிய துகள் மழை ஒரு மெல்லிய தட்டுப்போல இறங்குகிறது. சாய்வாக இறங்கினால் ஒரு பக்கத்துப் பலகைகள் முந்தி மினுக்கும், மறுபக்கம் பிந்தி மினுக்கும். விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்குக் கணக்கில் அந்த வித்தியாசத்தை அளந்து, மழை எந்தத் திசையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார்கள். இந்தப் பலகைகளில் விழுவதில் பெரும்பகுதி மின்காந்தக் கிளை.

பக்கத்திலேயே மியூவான் தொலைநோக்கி. தொலைநோக்கி என்றதும் கண்ணாடி, குழல் என்று தேடாதீர்கள். 3712 சதுர இரும்புக் குழாய்கள், ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளம், 10 செண்டிமீட்டர் அகலம், உள்ளே வாயுவும் நடுவில் ஒரு மெல்லிய கம்பியும். நான்கு அடுக்காக, ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கி, தலைக்கு மேலே 2 மீட்டர் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். எலெக்ட்ரானும் காமாவும் அந்தக் கான்கிரீட்டிலேயே அடங்கிவிடும். ஒரு ஜிகா எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் வைத்திருக்கும் மியூவான் மட்டும் ஊடுருவி உள்ளே வரும். நாளொன்றுக்கு 400 கோடி மியூவான்களை எண்ணுகிறார்கள். வெறும் சிமெண்டும் ஜல்லியும் வைத்து, மின்காந்த விசை பெற்ற பிள்ளைகளையும் மென்விசை பெற்ற பிள்ளைகளையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். எனக்கு அந்த ஆய்வகத்தில் மிகவும் பிடித்த கருவி அந்தக் கான்கிரீட்தான்.

இந்தப் பிரிப்பு எதற்கு உதவும்? வந்து மோதியது புரோட்டானா, இரும்பு அணுக்கருவா, காமாக் கதிரா என்பதை மியூவான்களின் எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும். காமாவாக இருந்தால் மியூவான் மிகக் குறைவு. இரும்பாக இருந்தால் அதிகம். இப்படிச் சலித்துத்தான், 166 டெரா எலெக்ட்ரான் வோல்ட் (டெரா என்றால் ஆயிரம் ஜிகா) அருகே புரோட்டான்களின் ஆற்றல் பட்டியலில் யாரும் எதிர்பார்க்காத ஒரு வளைவு இருக்கிறது என்று 2024-இல் வெளியிட்டார்கள்.

இடியைப் பற்றிச் சொல்லாமல் இந்த மலையில் காஸ்மிக் கதிர் பேச முடியாது. 2014 டிசம்பர் 1. ஆய்வகத்துக்கு மேலே இடிமேகம். 18 நிமிடம் மியூவான் எண்ணிக்கை சுமார் 2 சதவீதம் குறைந்தது. இரண்டு சதவீதம் என்ன பெரிய விஷயம் என்று நினைக்காதீர்கள், கோடிக்கணக்கில் எண்ணுகிறவர்களுக்கு அது பெரிய பள்ளம். மேகத்துக்குள் இருந்த மின்னழுத்தம் மியூவான்களின் ஆற்றலைக் குறைத்து, ஒரு பகுதியைக் கான்கிரீட்டைத் தாண்ட விடாமல் செய்திருக்கிறது. கணக்குப் போட்டால் 130 கோடி வோல்ட்! நம் வீட்டில் 230. இடிமேகத்துக்குள் நூறு கோடி வோல்ட் அளவுக்கு அழுத்தம் இருக்கலாம் என்று சி.டி.ஆர். வில்சன் என்ற இயற்பியலாளர் 1920-களிலேயே சொல்லியிருந்தார், ஆனால் பலூனும் விமானமும் அனுப்பிப் பார்த்தும் அதற்கு மிகக் குறைவாகவே கிடைத்துவந்தது. பலூன் தான் போகிற வழியை மட்டும்தான் பார்க்கும். மியூவான்கள் மேகம் முழுவதையும் ஒரே நேரத்தில் துளைத்து வந்தன. மென்விசையில் பிறந்த துகளை வைத்து மின்காந்த விசையை அளந்த கதை இது. முடிவு 2019-இல் வெளிவந்தபோது உலகமெங்கும் செய்தியானது. நமக்கு அன்றைக்கு மின்தடைதான் ஞாபகம் இருந்திருக்கும்.

மலையும் துகளும் சேர்ந்த கதையில் இன்னொரு பெயரையும் விட முடியாது. பிபா சவுத்ரி என்ற பெண் இயற்பியலாளர். 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டி.எம். போஸ் என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து டார்ஜிலிங் பக்கத்து உயரங்களில் புகைப்படத் தகடுகளைக் காற்றில் வைத்து, மேசான் வகைத் துகள்களின் (பையானும் அந்த வகைதான்) தடத்தைப் பிடித்தவர். யுத்த காலம், நல்ல தகடுகள் கிடைக்கவில்லை. அதே முறையில், மேம்பட்ட தகடுகளோடு, 1947-இல் பையானைக் கண்டுபிடித்த பிரிட்டிஷ் இயற்பியலாளர் பவலுக்கு 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. பாபாவின் நிறுவனத்திலும் அந்த அம்மையார் பிறகு வேலை பார்த்தார். படத் தகடு கிடைக்காததால் கைநழுவிய பெருமை என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

இப்போது ஜெனீவா. 2008-இல் அந்த வளையத்தை முதலில் இயக்கியபோது கருந்துளை உண்டாகி பூமியையே விழுங்கிவிடும் என்று டி.வி.க்களில் ஒரே பரபரப்பு. அந்த வளையத்தின் மோதலைவிடப் பலமடங்கு வலுவான மோதல்கள் பூமி தோன்றிய நாளிலிருந்து வானத்தில் நடந்துகொண்டே இருக்கின்றன. அந்தப் பயத்துக்கு அதுவே பதில்.

அங்கே போக வேண்டிய நிஜமான காரணம் வேறு. மிக அதிக ஆற்றல் கொண்ட காஸ்மிக் கதிர்களில், அர்ஜென்டினாவில் இருக்கும் பியரி ஓஜே ஆய்வகம் அளந்தபோது, கணினி மாதிரிகள் சொல்வதைவிட அதிக மியூவான்கள் வருகின்றன. எங்கே தவறு? மின்காந்த விசைக் கணக்கில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, அதைப் பல தசமத்துக்குச் சோதித்துவிட்டார்கள். மென்விசையும் அப்படித்தான். சந்தேகம் வலிமையான விசையின் மேல் விழுகிறது. குவார்க்குகள் நேருக்கு நேர் கடுமையாக மோதினால் கணக்குப் போட முடிகிறது. லேசாக உரசிப் போகும் மோதல்களில் கணக்கு கைகொடுப்பதில்லை, அளந்து பார்த்துத்தான் மாதிரியைச் சரிசெய்ய வேண்டும். வானத்தில் நடப்பதில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவைதான். மோதலின் ஆற்றலில் எவ்வளவு பங்கு மின்னூட்டமில்லாத பையான்களுக்குப் போகிறது, எவ்வளவு மற்றவற்றுக்கு என்ற பங்கீடு கொஞ்சம் மாறினாலும், பல தலைமுறை மோதல்களுக்குப் பிறகு தரையில் மியூவான் கணக்கு பெரிதாக மாறிவிடும்.

ஆகவே செர்ன்காரர்கள் 2025 ஜூலையில் புதிதாக ஒன்று செய்தார்கள். அதுவரை அந்த வளையத்தில் புரோட்டானையும் ஈயத்தையும்தான் பெரும்பாலும் மோதவிட்டு வந்தார்கள். காற்றில் ஈயம் ஏது? இந்த முறை ஆக்சிஜன் அணுக்கருக்களைச் சுற்றவிட்டு, அவற்றோடு புரோட்டான்களை மோதவிட்டார்கள். நம் தலைக்கு மேலே நடக்கும் அதே மோதல், இந்தத் தடவை சுற்றிலும் உணர்கருவிகளோடு. அந்தத் தரவுகளை வைத்து மாதிரிகளைத் திருத்தும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. திருத்திய மாதிரிகள் வந்தால், ஊட்டிச் சரிவில் எண்ணி வைத்திருக்கும் மியூவான்களையும் அவற்றோடு ஒத்துப் பார்க்கலாம்.

டீ வந்துவிட்டது என்று பின்னாலிருந்து சைகை காட்டுகிறார்கள். குடித்துக்கொண்டே கேள்வி கேட்கலாம், நான் இங்கேதான் இருக்கிறேன்.